லாஞ்ச் மானிட்டர் எண்களை எந்த வரிசையில் படிப்பது? கோல்ஃபுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அடிபட்ட கோல்ஃப் பந்து கிளம்பிப் போவதை அளந்து திரையில் எண்களாகக் காட்டும் கருவி லாஞ்ச் மானிட்டர். அதற்கு முன்னால் நின்று முதன்முறையாகப் பந்தை அடிப்பவர்கள் திரையில் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான்: எத்தனை யார்டு போயிற்று? அது இயல்பான ஆசை. ஆனால் தூரம் என்பது கடைசியில் வரும் விளைவு. அதற்கான காரணங்கள் எல்லாம் பக்கத்தில் உள்ள மற்ற எண்களில் இருக்கின்றன. அவற்றைக் கண்ட வரிசையில் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் ஸ்விங்கையே, அதாவது மட்டையை வீசும் முறையையே, தொலைத்துவிட்டு வீடு திரும்ப நேரிடும்.

புதியவர் இந்தக் கருவியிடம் முதலில் கேட்டுப் பெற வேண்டியது தன்னுடைய சாதாரண அடி எது என்ற செய்தியை. அடுத்தது திசை. உயரமும் சுழற்சியும் அதற்குப் பின். ஸ்விங் வேகத்தைக் கூட்டுவதைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது. எடுத்துக்காட்டுகள் வலக்கை ஆட்டக்காரருக்கானவை. இடக்கை ஆட்டக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருவி எதை அளக்கிறது, எதைக் கணக்கிடுகிறது

லாஞ்ச் மானிட்டர்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. டென்மார்க்கின் டிராக்மேன், தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஃப்ளைட்ஸ்கோப், கார்மினின் அப்ரோச் ஆர்10 ஆகியவை ராடாரை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை ஆட்டக்காரருக்குப் பின்னால், இலக்கைப் பார்த்தபடி வைப்பார்கள். அவை அனுப்பும் அலை, நகரும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. ஃபோர்சைட் நிறுவனத்தின் ஜிசிகுவாட், ஜிசி3 போன்றவை கேமரா வகை. இவை பந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்து கிளம்பும் முதல் கணத்தை அதிவேகப் படங்களாக எடுத்து, அந்தப் படங்களிலிருந்து வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றைப் பெறுகின்றன.

இந்த வேறுபாட்டை எதற்காக நினைவில் வைக்க வேண்டும்? திறந்த மைதானத்தில் நல்ல ராடார் கருவி பந்து பறப்பதைத் தொடர்ந்து பார்க்கிறது. அதே கருவியை அறைக்குள் வைத்தால் வலையில் படும் வரையிலான சில மீட்டர்களைத்தான் பார்க்க முடியும். மீதிப் பயணம் முழுவதும் கணக்கு. கேமரா வகையில் உள்ளேயும் வெளியேயும் பறத்தல் எப்போதுமே கணக்குதான். அறைக்குள் ராடாருக்குச் சுழற்சியைப் பிடிப்பது கடினம் என்பதால்தான் பந்தில் சிறிய உலோகப் புள்ளி ஒட்டச் சொல்கிறார்கள். டைட்டலிஸ்ட் நிறுவனம் ராடாருக்கென்றே ஆர்சிடி என்ற பந்துகளைத் தயாரிக்கிறது. இனி, ரேஞ்சுகள் எனப்படும் பயிற்சித் திடல்களில் கம்பத்தில் கேமரா பொருத்திய டாப்டிரேசர் போன்ற ஏற்பாடுகள் பந்தின் பயணத்தை மட்டுமே சொல்லும். கிளப், அதாவது மட்டை, என்ன செய்தது என்பதை அவை காட்டுவதில்லை.

ஆகவே எண்களை நம்புவதிலும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் வேகம், அது கிளம்பிய உயரக் கோணம், கிளம்பிய திசை: இம்மூன்றும் பெரும்பாலான கருவிகளில் நன்றாகவே இருக்கும். கேரி, அதாவது பந்து தரையைத் தொடும் வரையிலான தூரம், அதற்கடுத்த நம்பிக்கைக்கு உரியது. விலை குறைந்த கருவியில் ஸ்பின் எனப்படும் சுழற்சி, கிளப்பின் பாதை, பந்தில் படும் அதன் முகத்தின் கோணம் ஆகியவற்றை ஒரு போக்கைக் காட்டும் குறிப்பாகக் கொள்ளலாம். தசமப் புள்ளி வரை நம்பிச் சண்டையிட வேண்டாம்.

அடிப்பதற்கு முன் பத்து நிமிடம்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி இது. கருவியின் இலக்குக் கோடும் நீங்கள் குறிவைக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று டிகிரி பிசகினால் 150 யார்டு தூரத்தில் அது ஏறத்தாழ 8 யார்டு விலகல். நேராகப் போன பந்தை ‘வலப்பக்கம் போயிற்று’ என்று கருவி சொல்லும். நீங்கள் இல்லாத நோய்க்கு மருந்து தேடத் தொடங்குவீர்கள். பாயில் பந்திலிருந்து இலக்கை நோக்கி ஒரு குச்சியைக் கிடத்தி, கருவியை அந்தக் கோட்டுக்கு ஒழுங்குபடுத்துங்கள். தரை சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் வைக்கும் ராடாருக்கு அதன் கையேடு சொல்லும் இடைவெளியை அளந்தே வையுங்கள், கண்ணளவு போதாது.

அடுத்தது பந்து. ரேஞ்சில் கொடுக்கும் பந்துகள் கடினமானவை, பல ஆண்டு அடிபட்டவை. மைதானத்தில் நீங்கள் ஆடும் பந்தைப் போல அவை பறப்பதில்லை. அறைக்குள் வலை இருந்தால் உங்கள் சொந்தப் பந்தையே அடியுங்கள். ரேஞ்சில் அடிப்பதாயிருந்தால் செயலியில் ரேஞ்ச் பந்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகள் வெப்பம், காற்று, கடல் மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றைச் சமன்செய்து தூரத்தைச் சொல்லும். அந்த அமைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் இந்த வார எண்ணையும் அடுத்த மாத எண்ணையும் ஒப்பிட முடியும். யார்டா மீட்டரா என்பதையும் கவனியுங்கள். 150 மீட்டர் என்பது 164 யார்டு.

சாதாரண அடியைக் கண்டுபிடித்தல்

உடலைச் சூடேற்றிக்கொண்டு, நடுத்தரத் தூரத்துக்கான கிளப்பான 7 அயனை எடுங்கள். மிகத் தொலைவுக்கு அடிக்கும் டிரைவர் வேண்டாம். பத்துப் பந்துகளை, ஒவ்வொன்றுக்கும் நின்று குறிவைத்து, மைதானத்தில் ஆடுவதுபோல் அடியுங்கள். ஒரு பந்தையும் அழிக்கக் கூடாது. ‘அது கணக்கில் இல்லை’ என்று நீங்கள் தள்ளிவிட நினைக்கும் பந்து மைதானத்திலும் வரும். அங்கே அதை அழிக்க முடியாது.

ஒரு புதியவரின் பத்து கேரி எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 128, 131, 104, 133, 127, 130, 119, 134, 129, 145. நண்பர்களிடம் அவர் சொல்லப்போகும் எண் 145. சராசரி 128. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 129.5. இப்போது, கொடி நிற்கும் புல்தரையான கிரீனுக்கு முன்னால் ஒரு மணற்குழி இருக்கிறது, அதைத் தாண்ட 130 யார்டு கேரி வேண்டும் என்று வையுங்கள். பத்தில் ஐந்து பந்துகள்தான் 130-ஐத் தொட்டிருக்கின்றன. 7 அயனை ‘145 யார்டு கிளப்’ என்று நம்பியவர் அந்த மணலில் மீண்டும் மீண்டும் நிற்பார். காற்றையும் கிளப்பையும் குறை சொல்வார். 130 என்று அறிந்தவர் இன்னும் சற்றுத் தொலைவு போகும் 6 அயனை எடுப்பார்.

இந்த ஒரு பயிற்சி மட்டுமே, ஸ்விங்கில் எதையும் மாற்றாமல், ஸ்கோரைக் குறைக்க வல்லது. அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

பத்து எண்களில் தூரத்தின் பரவலோடு பக்கவாட்டுப் பரவலையும் பாருங்கள். இடதுபக்கம் எத்தனை, வலதுபக்கம் எத்தனை? எல்லாம் ஒரே பக்கம் போனால் அது நல்ல செய்தி. காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கலாம். இருபக்கமும் சிதறினால் பெரும்பாலும் பந்து கிளப் முகத்தில் படும் இடம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. அப்போது திசையைத் திருத்தப் போகாமல் அடுத்த பகுதியில் தொடங்குங்கள்.

பந்து எங்கே படுகிறது

ஸ்மாஷ் ஃபேக்டர் என்று திரையில் ஓர் எண் வரும். பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது. டிரைவரில் மணிக்கு 90 மைல் வேகத்தில் ஸ்விங் செய்து பந்து 126 மைல் வேகத்தில் கிளம்பினால் 1.40. அதே ஸ்விங்கில் பந்து முகத்தின் நடுவில் பட்டு 133 மைலில் கிளம்பினால் 1.48. டிரைவரில் பந்தின் வேகம் ஒரு மைல் கூடினால் தூரம் சுமார் 2 யார்டு கூடும் என்பது பொதுவான கணக்கு. ஆக, கொஞ்சமும் வேகமாக வீசாமல் ஏறத்தாழ 14 யார்டு கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் முதல் மாதத்திலேயே ஸ்விங் வேகத்தைக் கூட்ட ஓடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

டிரைவரில் 1.50 என்பது கிட்டத்தட்ட உச்சவரம்பு. கிளப் முகத்தின் துள்ளலுக்கு விதி வைத்திருக்கும் எல்லையே அதற்குக் காரணம். 1.56 என்று திரை காட்டினால் கருவி தவறாகப் படித்திருக்கிறது. அயன்களில் 1.50-ஐத் தேடாதீர்கள். லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, கூடக் கூட, கிளப்பின் ஆற்றல் பந்தை முன்னே தள்ளுவதோடு உயர்த்தவும் சுழற்றவும் செலவாகிறது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் வீரர்களுக்கு டிராக்மேன் வெளியிட்ட சராசரிப் பட்டியலில் 7 அயனுக்கு 1.33, குறுகிய தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜுக்கு 1.23. உலகின் மிகச் சிறந்த அடிகளுக்கே அவ்வளவுதான்.

ஸ்மாஷ் ஃபேக்டர் குறைந்தால் பந்து நடுவில் படவில்லை என்று தெரியும். எந்தப் பக்கம் தவறியது என்று தெரியாது. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கால்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை மெல்லிய படலமாக முகத்தில் அடித்துக்கொண்டு ஆடினால் பந்தின் தடம் அப்படியே பதியும். ஐந்து பந்து அடித்துத் தடங்களைப் பாருங்கள். எல்லாம் தண்டுக்கு அருகில் விழுந்தால் நீங்கள் பந்துக்கு மிக நெருங்கி நிற்கிறீர்கள், அல்லது ஸ்விங்கின்போது முன்னால் சாய்கிறீர்கள். முனைப்பக்கம் விழுந்தால் எட்டி நிற்கிறீர்கள், அல்லது கைகளை உள்ளே இழுக்கிறீர்கள். நிற்கும் தூரத்தை அரை அங்குலம் மாற்றி மறுபடி ஐந்து.

திசை: ஸ்லைஸ் ஏன் வருகிறது

புதியவர்களில் பெரும்பாலோரை வாட்டுவது ஸ்லைஸ். பந்து வலதுபக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் மறைவது. இதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம், பந்து ஸ்விங் பாதையின் திசையில் கிளம்பி, பின்னர் கிளப் முகம் பார்த்த திசைக்கு வளையும் என்பது. 2000-களில் ராடார் கருவிகள் பயிற்சியாளர்களின் கைக்கு வந்ததும் அந்த விளக்கம் பரவலாகக் கைவிடப்பட்டது. அளந்து பார்த்தால், பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்: டிரைவரில் ஏறத்தாழ 85 சதவீதம், அயனில் 75 சதவீதம் என்பார்கள். வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான வேறுபாடு. திரையில் ‘ஃபேஸ் டு பாத்’ என்று வருவது அதுதான்.

பெரும்பாலான கருவிகளில் இலக்குக்கு வலம் கூட்டல், இடம் கழித்தல். இப்போது ஒரு டிரைவர் அடியைப் பார்ப்போம். கிளப் பாத் −5: கிளப் வெளியிலிருந்து உள்ளே, இலக்குக்கு இடப்பக்கமாக வீசப்பட்டது. ஃபேஸ் ஆங்கிள் −1: முகம் சற்றே இடப்பக்கம் பார்த்தது. ஃபேஸ் டு பாத், −1-லிருந்து −5-ஐக் கழிக்க, +4. பந்து இலக்குக்கு ஒன்றரை டிகிரி இடப்பக்கமாகக் கிளம்பி, பிறகு வலப்பக்கம் நன்றாக வளைந்து போகும்.

முகம் இலக்குக்கு இடப்பக்கம் பார்த்தும் ஸ்லைஸ் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். முகம் எதற்குத் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இலக்கைப் பார்த்தால் அது மூடியிருக்கிறது. ஸ்விங் பாதையைப் பார்த்தால் 4 டிகிரி திறந்திருக்கிறது. இதை அறியாதவர் என்ன செய்வார்? பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கமாகக் குறிவைப்பார், இன்னும் இடப்பக்கமாக வீசுவார். பாத் −7 ஆகும், வேறுபாடு கூடும், ஸ்லைஸும் கூடும். பல ஆண்டுகள் இந்தச் சுழலிலேயே ஆடி, கோல்ஃபே தனக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டு எண்களைப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

படிக்கும் முறை இது. முதலில் பந்து கிளம்பிய திசை. அதிலிருந்து முகம் எங்கே பார்த்தது என்று ஏறத்தாழத் தெரியும். கிளப் எண்களைக் காட்டாத எளிய கருவியிலும் இது முடியும். பிறகு வளைவு அல்லது ஸ்பின் ஆக்சிஸ், அதாவது பந்து சுழலும் அச்சின் சாய்வு. கூட்டல் என்றால் வலப்பக்க வளைவு, கழித்தல் என்றால் இடப்பக்கம். இரண்டையும் சேர்த்தால் கதை கிடைத்துவிடும். வலப்பக்கம் கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால் முகம் மிகவும் திறந்திருக்கிறது. இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் மேலே சொன்ன கணக்கு. நேராகக் கிளம்பி இலேசாக வளைந்தால் அதைத் திருத்தவே வேண்டாம். அந்த வளைவோடு குறிவைத்து ஆடக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு முக்கியமானது. ஃபேஸ் டு பாத் பூச்சியத்துக்கு அருகில் இருக்கிறது, ஆனாலும் பந்து வளைகிறது என்றால் முகத்தின் நடுவில் படவில்லை. டிரைவரின் முகம் சற்றே குவிந்தது. முனைப்பக்கம் பட்டால் கிளப் தலை திரும்பி, பந்துக்கு இடப்பக்கச் சுழற்சி கொடுக்கிறது. தண்டுப்பக்கம் பட்டால் வலப்பக்கம். இதை கியர் எஃபெக்ட் என்பார்கள். ஆகவே டிரைவரில் திசையைப் பற்றிய எந்த முடிவுக்கும் முன்னால் பவுடர் ஸ்பிரே தடத்தைப் பார்த்தாக வேண்டும்.

திருத்துவதில் முகத்தை முதலில் எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பாதையை மாற்ற உடல் முழுவதையும் மாற்ற வேண்டும். முகத்தைப் பிடியிலேயே மாற்றலாம். நின்றுகொண்டு கீழே பார்க்கும்போது இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரியும் அளவுக்குப் பிடியை வலப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அரை ஸ்விங்கில் பத்துப் பந்து. ஃபேஸ் டு பாத் +4-லிருந்து +2-க்கு வந்தாலே வளைவு கண்ணுக்குத் தெரிந்து குறையும். பந்து இப்போது இன்னும் இடப்பக்கமாகக் கிளம்பும். பயப்படாதீர்கள், முகம் மூடத் தொடங்கிவிட்டது, பாதை இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது, அவ்வளவுதான். பாதையைத் திருத்தும் வேலையை ஒரு பயிற்சியாளரோடு செய்யுங்கள்.

உயரம், சுழற்சி

அட்டாக் ஆங்கிள் என்பது பந்தைத் தொடும் கணத்தில் கிளப் கீழ்நோக்கி இறங்குகிறதா, மேல்நோக்கி ஏறுகிறதா என்பது. அயனில் இறங்க வேண்டும்: பந்து முதலில், புல் பிறகு. டிரைவரில் பந்து டீ என்ற சிறு குச்சியின் மேல் நிற்பதால் ஏறலாம்.

டூர் சராசரிகளைப் பார்க்கும்போது பலரும் ஆண்களின் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். டிராக்மேன் வெளியிட்டுப் பயிற்சியாளர்கள் நெடுநாள் பயன்படுத்திய பட்டியலில் பிஜிஏ டூரின் டிரைவர் வேகம் 113 மைல், அட்டாக் ஆங்கிள் −1.3, கிளம்பும் கோணம் 10.9 டிகிரி, ஸ்பின் நிமிடத்துக்கு 2686 சுற்று, கேரி 275 யார்டு. பின்னர் வந்த பட்டியல்களில் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. 85, 90 மைல் வேகத்தில் வீசும் ஒருவருக்கு இந்த எண்களால் பயனில்லை. அவர் பார்க்க வேண்டியது எல்பிஜிஏ வீராங்கனைகளின் பட்டியல்: வேகம் 94 மைல், அட்டாக் ஆங்கிள் +3.0, கிளம்பும் கோணம் 13.2, ஸ்பின் 2611, கேரி 218. குறைந்த வேகத்தில் தூரம் எப்படி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மேல்நோக்கி அடிக்கிறார்கள், உயரமாகக் கிளப்புகிறார்கள், சுழற்சியைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். ஆண் ஆட்டக்காரர்கள் இந்தப் பட்டியலைப் புறக்கணிப்பது அவர்களுக்கே நட்டம்.

உங்கள் டிரைவர் 8 டிகிரியில் கிளம்பி 4000 சுற்று சுழன்றால் பந்து வயிறு உப்பியதுபோல் மேலே எழும்பி, முன்னே போகாமல் விழும். முதலில் தடத்தைப் பாருங்கள்; முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டாலே ஸ்பின் ஏறிவிடும். நடுவில் பட்டும் இப்படி என்றால் பந்தை இடக்குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராக வைத்து, டீயைச் சற்று உயர்த்தி, வலத்தோள் சற்றுத் தாழ நின்று அடித்துப் பாருங்கள். அட்டாக் ஆங்கிள் −4-லிருந்து பூச்சியத்துக்கு வந்தாலே மற்ற இரண்டும் தாமாகச் சீர்படத் தொடங்கும்.

அயனில் நான் முதலில் பார்ப்பது பந்து தரையிறங்கும் கோணத்தை. பிஜிஏ டூரின் 7 அயன் 50 டிகிரியில் இறங்குகிறது, எல்பிஜிஏவில் 47. அப்படிச் செங்குத்தாக இறங்கும் பந்து கிரீனில் நிற்கும். 38 டிகிரியில் இறங்கும் பந்து உருண்டு பின்னால் போய்விடும். கிளப் வாங்கும்போது இதை மறக்க வேண்டாம். முன்பெல்லாம் 7 அயனின் லாஃப்ட் 34 டிகிரிக்கு மேல் இருந்தது. இன்று புதியவர்களுக்கென விற்கும் பல செட்டுகளில் 30 அல்லது அதற்கும் குறைவு. கடையில் அடித்துப் பார்த்துப் ‘புது 7 அயன் 15 யார்டு கூடப் போகிறது’ என்று மகிழ்வதற்கு முன் உச்ச உயரத்தையும் இறங்கும் கோணத்தையும் பழைய கிளப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் குறையாமல் தூரம் கூடியிருந்தால் வாங்கலாம். தாழப் பறந்து கூடியிருந்தால் உங்களுக்கு விற்கப்படுவது 7 என்று எண் பொறித்த 6 அயன்.

அறைக்குள் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாயில் பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே கிளப் தரையைத் தொட்டாலும் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடிக்கும். திரையில் எண்கள் அழகாக இருக்கும். மைதானத்துப் புல்லில் அதே அடி பாதி தூரம்கூடப் போகாது. பந்துக்குக் கைவிரல் நீளம் பின்னால் ஒரு துண்டை மடித்து வையுங்கள். துண்டைத் தொடாமல் அடித்த பந்துகளின் எண்களை மட்டும் நம்புங்கள்.

தூர அட்டை

7 அயனுக்குச் செய்ததை வெட்ஜ், 9 அயன், 5 அயன் அல்லது ஹைப்ரிட், டிரைவர் எனப் பையில் உள்ள எல்லாக் கிளப்புக்கும் செய்யுங்கள். ஒரே நாளில் வேண்டாம். களைத்த உடலின் எண்கள் பொய் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நடு எண்ணை ஓர் அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். இரண்டு கிளப்புகள் ஒரே தூரம் போவது தெரியவந்தால் ஒன்றை வீட்டில் வைத்துவிடலாம். பிட்சிங் வெட்ஜ் 100, சாண்ட் வெட்ஜ் 70 என்று பள்ளம் விழுந்தால் நடுவில் ஒரு வெட்ஜ் வாங்கலாம். பதினான்கு கிளப்புகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது; புதியவருக்கு அத்தனை தேவையில்லை.

வெட்ஜில் முழு ஸ்விங்கோடு நிறுத்தாதீர்கள். இடுப்பு வரை ஒரு ஸ்விங், மார்பு வரை ஒரு ஸ்விங் என இரண்டு அளவுகளுக்கும் கேரியைக் கண்டறியுங்கள். 40 யார்டு, 60 யார்டு அடிகளை உத்தேசமாக ஆடுபவருக்கும் அறிந்து ஆடுபவருக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு சுற்றிலும் தெரியும்.

அட்டையில் எந்த ஊரில் அளந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 அடிக்கும் தூரம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும் என்பது வழக்கமான கணக்கு. 5280 அடி உயரத்தில் உள்ள டென்வரில் சுமார் 6 சதவீதம். சென்னையில் அளந்த அட்டையோடு 7000 அடிக்கு மேலுள்ள ஊட்டி ஜிம்கானா மைதானத்துக்குப் போனால் 150 யார்டு அடி 160-ஐத் தாண்டும். குளிர்ந்த காற்று அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

ஒரு பயிற்சிக்கு ஓர் எண்

ஒவ்வொரு அமர்விலும் ஒரே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைத் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள். பெரும்பாலான செயலிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. இன்று பந்து கிளம்பும் திசை என்றால் அது மட்டும்.

திரையைப் பார்க்கும் முன் உங்கள் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இரண்டு டிகிரி வலம், முனைப்பக்கம் பட்டது, 125.’ பிறகு பாருங்கள். முதலில் ஊகங்கள் வெகுதூரம் தவறும். சில வாரங்களில் கைகளில் வந்த உணர்வும் திரையில் வரும் எண்ணும் நெருங்கும். மைதானத்தில் கருவி இருக்காது. அங்கே உங்களோடு வருவது இந்த உணர்வு மட்டுமே. இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியாது.

அமர்வின் கடைசிக் கால்பகுதியில் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றி ஆடுங்கள். ஒரே கிளப்பில் முப்பதாவது பந்து நேராகப் போவது பெரிதல்ல. டிரைவருக்கு அடுத்து 8 அயன், அதற்கடுத்து 50 யார்டு வெட்ஜ் என்று மாறும்போதும் ஃபேஸ் டு பாத் எங்கே நிற்கிறது என்பதே உண்மையான அளவு.

பயிற்சியாளரிடம் போகும்போது மிகச் சிறந்த அடியின் படத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே கிளப்பில் அழிக்காமல் அடித்த பத்துப் பந்துகளின் கேரி, பக்கவாட்டு விலகல், கிளம்பிய திசை, ஸ்மாஷ் ஃபேக்டர். கருவி காட்டினால் பாதையும் முகமும். அதோடு பவுடர் ஸ்பிரே தடத்தின் ஒரு புகைப்படம். இவற்றோடு போனால் முதல் அரைமணி நேரம் நோயைத் தேடுவதில் கழியாது. ஆறு வாரங்கள் கழித்து அதே கருவியில், அதே பந்தில், அதே 7 அயனில் மறுபடி பத்துப் பந்து அடித்து, முதலில் தூரங்களின் பரவல் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நடு எண் கூடியிருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.